நட்சத்திரம் போட்ட டியூப்

அன்பு மகனுக்கு,

நலமா என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். நான் கேட்கப் போவதில்லை. நீ நலமாக இல்லை என்பது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது உனக்கும் தெரியும். போனிலேயே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நான் பேச ஆரம்பித்தால் நீ நடுநடுவே "ஓகேம்மா, ஓகேம்மா" என்று சொல்லியே என்னை முடிக்க வைத்துவிடுவாய். வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாலோ இரட்டை வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பாய். அம்மாவின் கவலை அதில் எலி கத்துவது மாதிரிக் கேட்கும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். ஆறு வருடம் தமிழ்ப்பள்ளியில் படித்தவன், கொஞ்சம் மெதுவாகத்தான் படிப்பாய். மெதுவாகவே படி. இதை உன் கூட்டாளிகளிடம் காட்டினாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஒளித்துச் செய்த ஒரு காரியத்தைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். அதை மறுபடியும் ஒளித்து எழுத எனக்கு விருப்பமில்லை.

இரண்டு வாரத்துக்கு முன்னால், சனிக்கிழமை சாயங்காலம் செமினியிலிருந்து கிள்ளானுக்கு வந்து எங்களோடு தங்கினாய். மறுநாள் காலை பசியாற உட்கார்ந்தபோது உனக்குத் தோசை வைத்தேன். ஒரு தடவை பிய்க்கப் பார்த்தாய், முடியவில்லை. இன்னொரு தடவை பார்த்தாய். பிறகு போனைப் பார்த்துக்கொண்டே, ஏதோ சாதாரணம் போல, "அம்மா, ஒரு கரண்டி குடுங்க" என்றாய். பல் முளைத்த நாளிலிருந்து நீ தோசைக்குக் கரண்டி கேட்டதில்லை. "கையில என்னடா?" என்றேன். "ஒன்னும் இல்லம்மா, பிளேன் ஹேங்கர்ல வேலை ஜாஸ்தி லா" என்றாய். கோப்பி டம்ளரையும் இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்துத்தான் தூக்கினாய். மணி பதினொன்றுக்கு மேல் அதே கையால் ஸ்பேனர் பிடித்து, பின்பக்கத்துக் குழாயைத் திருகிச் சரி செய்து கொடுத்தாய். நீ கவனித்திருக்க மாட்டாய், நீ கரண்டி கேட்டபோது உன் அப்பா உன் கையை ஒரு நொடி பார்த்துவிட்டுத் தன் கைகளை மேசைக்குக் கீழே இறக்கிக்கொண்டார். நானும் பார்க்காதது மாதிரி சம்பல் கிண்ணத்தை நகர்த்தி வைத்தேன்.

சாயங்காலம் கிளம்பும்போது கார் கண்ணாடியை இறக்கிவிட்டு நீ கேட்டதுதான் இந்தக் கடிதத்துக்குக் காரணம். "அம்மா, உங்க பழைய லேப்ல இன்னும் உங்க ஆளுங்க இருக்காங்கதானே? அடுத்த மாசம் டோஹா வேலைக்குப் போறதுக்கு முன்னாடி கம்பெனி மெடிக்கல் இருக்கு. அதுக்கு முன்னால சும்மா ஒரு பிளட் டெஸ்ட் பாத்துக் குடுங்க, பேர் கீர் எதுவும் இல்லாம. நெகட்டிவ்னா நான் பாட்டுக்குப் போயிடுவேன். நெகட்டிவ்னா ஒன்னும் இல்லதானே?" நான் "பாக்கலாம்" என்றேன். நீ போன பிறகு கேட்டைப் பூட்டக்கூட மறந்து அங்கேயே நின்றேன். நீ கேட்ட கேள்வி எனக்குப் புதிதில்லை. பதினைந்து வருடத்துக்கு முன்னால் அதற்கு நான் ஒரு பதில் சொன்னேன். அந்தப் பதில் இன்றைக்கும் உன் அப்பாவின் விரல்களில் இருக்கிறது.

முதலில், நீ கேட்ட காரியத்தை நான் செய்ய மாட்டேன். அம்மா ரிட்டையர் ஆகிவிட்டதால் முடியாது என்று நினைத்துக்கொள்ளாதே. ஒரு போன் போட்டால் நாளைக்கே செய்து கொடுப்பார்கள். முடியும், அதனால்தான் பயப்படுகிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

முப்பத்திரண்டு வருடம் அரசாங்க மருத்துவமனை லேபில், அடுத்தவர் உடம்பிலிருந்து வந்ததையெல்லாம் மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் சம்பளம் வாங்கினவள் நான். ரத்தம், சிறுநீர், சளி எல்லாம் உனக்குத் தெரியும், சின்ன வயதில் "அம்மா இன்னிக்கு என்ன எண்ணுனீங்க?" என்று கேட்டு மூக்கைப் பொத்திக்கொள்வாய். மூட்டு நீரைப் பற்றி உனக்குச் சொன்னதில்லை. நல்ல மூட்டுக்குள் இருக்கும் நீர் கொஞ்சம்தான். வெளிர் மஞ்சளாக, தெளிவாக, எண்ணெய் மாதிரி இருக்கும். ஊசி நுனியிலிருந்து விட்டால் நூலாக இழுபட்டு இறங்கும். வீங்கிய மூட்டிலிருந்து எடுத்த நீர் அரிசி களைந்த தண்ணீர் மாதிரி கலங்கியிருக்கும். நூல் இழுக்காது, சொட்டுச் சொட்டாக விழும். கட்டம் போட்ட கண்ணாடியில் ஒரு துளி விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்ப்போம். நல்ல நீரில் வெள்ளை அணு அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் தெரியும். கெட்டுப்போன மூட்டில் கட்டத்தின் கோடுகூடத் தெரியாத அளவுக்கு நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கும்.

அந்த அணுக்கள் நம்மைக் காப்பாற்றுவதற்காக இருப்பவை. கிருமி வந்தால் ஓடி வந்து அதைத் தின்று, செத்து, இடத்தைக் காலி செய்துவிடும். அப்பாவுக்கு இருக்கிற இந்த முடக்குவாத வியாதியில் கிருமியே கிடையாது. மூட்டைச் சுற்றி மெல்லிய உறை ஒன்று இருக்கிறது. அதற்குள் குடியேறிய சில வெள்ளை அணுக்கள், டி செல் என்று பெயர், நம் உடம்பையே வெளியாள் என்று எடுத்துக்கொண்டு பக்கத்தில் இருக்கும் அணுக்களைக் கிளப்பிவிடும். உன் பெரியம்மாவின் வாட்ஸ்அப் குரூப் உனக்குத் தெரியும்தானே? யாரோ ஒருவர் "அவசரம், எல்லாருக்கும் அனுப்புங்கள்" என்று ஒன்றைப் போடுவார். உண்மையா என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். பத்துப் பேர் அனுப்புவார்கள், அந்தப் பத்துப் பேரும் இன்னும் பத்துப் பேரைக் கூப்பிடுவார்கள். மூட்டுக்குள்ளும் அதே கூத்துதான். மேக்ரோஃபேஜ் என்ற பெரிய அணு ரசாயனச் செய்தியை அள்ளி விடும். அதைக் கேட்டு ரத்தத்திலிருந்து நியூட்ரோஃபில் என்ற இன்னொரு வகை வெள்ளை அணுக்கள் கூட்டம் கூட்டமாக மூட்டு நீருக்குள் இறங்கும். கிருமியைக் கரைக்கப் பையில் வைத்திருக்கும் சரக்கை, கிருமி இல்லாத இடத்தில் கொட்டிவிட்டுச் சாகும். அது கரைப்பது நம் குருத்தெலும்பை. அதற்குள் உறையும் தடித்துப்போய் எலும்பின் மேல் ஊர ஆரம்பிக்கும். எலும்பைத் தின்னும் அணுக்கள் அங்கே தயாராகும். ஒரு நாள் எக்ஸ்ரே எடுத்தால் விரல் எலும்பின் ஓரம் அரித்துப்போயிருப்பது தெரியும். அரித்தது திரும்பி வளராது.

அசையாமல் தூங்கி எழுந்தால் இந்த வீக்கம் மூட்டிலேயே தேங்கி நிற்கும். காலையில் கை மரக்கட்டை மாதிரி இருக்கும், வேலை செய்யச் செய்ய இளகும். வேலையால் வருகிற வலி இதற்கு நேர் எதிர். காலையில் நன்றாக இருந்து, வேலை செய்யச் செய்ய வலிக்கும். உனக்குத் தோசை பிய்க்க முடியவில்லை, ஸ்பேனர் திருக முடிந்தது. உனக்கு இந்த வியாதிதான் என்று நான் சொல்லவில்லை. எனக்குத் தெரியாது. வேறு ஏதாவது சின்ன விஷயமாகவும் இருக்கலாம், அப்படியே இருக்கட்டும் என்று கோயிலில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். தெரியாது என்பதுதான் என்னைச் சாப்பிட விடமாட்டேன் என்கிறது.

இனி அப்பா விஷயம். உனக்கு அப்போது பதினாறு வயது. அப்பா ஸ்ரீ கெம்பாங்கானில் பிளாஸ்டிக் தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியன். கிள்ளானிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் போய் வருவார். ஒரு நாள் காலையில் கிளட்சைப் பிடிக்க முடியவில்லை என்று வண்டியைத் திரும்ப நிறுத்திவிட்டு, வெந்நீரில் கையை முக்கிக்கொண்டு உட்கார்ந்தார். அப்புறம் அது தினசரி வழக்கமானது. இரண்டு கையிலும் விரல் முட்டிகள் சிவந்து, மோதிரம் கழற்ற முடியாமல் சோப்புப் போட்டுக் கழற்றினோம். "கிளினிக் போயிட்டு வரவா?" என்று அவரே கேட்டார். நான்தான், "எதுக்குங்க ஒரு நாள் லீவு போட்டு வரிசையில உக்காரணும்? நான் எதுக்கு இருக்கேன்?" என்றேன். அதைப் பெருமையாகத்தான் சொன்னேன்.

எங்கள் லேபில் ஒரு பழக்கம் இருந்தது. எழுதாத சட்டம். வீட்டு ஆட்களின் ரத்தத்தை வீட்டிலேயே எடுத்து வந்து, டியூபில் பெயர் எழுதாமல் ஒரு நட்சத்திரம் மட்டும் போட்டு வைப்போம். நட்சத்திரம் என்றால் நம்ம ஆள், கேள்வி கேட்காமல் ஓட்டிக் கொடு என்று அர்த்தம். டாக்டர் சீட்டு வேண்டாம், பதிவு வேண்டாம், காத்திருக்க வேண்டாம். அன்றைக்குக் காலையில் சாப்பாட்டு மேசையில் வைத்து அப்பாவுக்கு ரத்தம் எடுத்தேன். பேனாவால் நட்சத்திரம் போட்டேன். டியூபை என் டிபன் பையில், நாசி லெமாக் பொட்டலத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது. மத்தியானம் ரிசல்ட் வந்தது. நான் பார்த்தது ஒரே ஒரு சோதனை, முடக்குவாதத்துக்குப் பார்க்கிற ருமட்டாய்டு ஃபாக்டர் என்பது. நெகட்டிவ்.

மகனே, நெகட்டிவ் என்றால் ஒன்றும் இல்லை என்று அர்த்தமில்லை. இந்த வியாதி இருக்கிற சிலருக்கு அந்தச் சோதனை நெகட்டிவாகவேதான் வரும், அதுவும் ஆரம்பத்தில். இதை நான் பயிற்சிக்கு வந்த பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவள். வெள்ளைப் பலகையில் எழுதிக் கோடு போட்டுக் காட்டியவள். காலையில் எவ்வளவு நேரம் விறைப்பு, எந்தெந்த விரல், இரண்டு கையிலுமா, எத்தனை வாரமாக என்றெல்லாம் கேட்டு, கையைத் தொட்டு அமுக்கிப் பார்த்து முடிவு சொல்ல ஒரு டாக்டர் வேண்டும். நட்சத்திரம் போட்ட டியூபுக்கு டாக்டர் கிடையாது. பெயர் இல்லாத காகிதத்தைக் கொண்டுபோய் எந்த டாக்டரிடம் நீட்டுவது? நீட்டினால் திட்டுதான் விழும். அந்தக் காகிதத்தைக் கைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அப்பா வாசலிலேயே நின்றார். "என்ன சொல்லுச்சு?" என்றார். "நெகட்டிவ். ஒன்னும் இல்லங்க. வேலை வலிதான்" என்றேன். அவர் முகம் தெளியவில்லை. "டாக்டர் யாராச்சும் பாத்தாங்களா?" என்றார். அந்த ஒரு நொடியில், அவர் நிம்மதியாகத் தூங்கட்டுமே என்று, என் வாயிலிருந்து ஒரு பொய் வந்தது. "ம், டாக்டர்ட்டயும் காட்டிட்டேன். ஒன்னும் இல்லன்னுட்டார். தைலம் தேச்சா போதுமாம்." அப்பா அப்படியே நம்பினார். அன்றைக்கு அவர் வாங்கி வந்த ரொட்டி சானாயை நாம் மூன்று பேரும் சேர்ந்து சாப்பிட்டோம். நீ பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று அரை ரொட்டியோடு எழுந்து போனாய். காகிதத்தை மறுநாள் கிழித்துப் போட்டேன்.

அதற்கு அப்புறம் ஒன்றரை வருடம். தைலம் தேய்த்தார். வலி மாத்திரை சாப்பிட்டார். யாரோ சொன்னார்கள் என்று பாசார் மாலாம் இரவுச் சந்தையில் விற்கும் மூலிகைப் பொடி வாங்கிச் சாப்பிட்டார், அதில் என்ன கலந்திருந்ததோ, சாப்பிட்ட வரைக்கும் வலி குறைந்தது, நிறுத்தியதும் இரண்டு மடங்காக வந்தது. நான் அதற்கும் அவரைத்தான் ஏசினேன். அந்தத் தீபாவளிக்கு அவர் வாசலில் விளக்குச் சரம் கட்டவில்லை, உனக்கு நினைவிருக்கும். ஒவ்வொரு வருடமும் நம் தாமான் வீடுகளிலேயே முதல் விளக்கு நம் வீட்டில்தான் எரியும். அந்த வருடம் அட்டைப் பெட்டியை எடுத்து வைத்துக்கொண்டு வெறுமனே உட்கார்ந்திருந்தார். பக்கத்து வீட்டு அக்கா கேட்கும்படி நான் சொன்னேன்: "கைக்கு ஒன்னும் இல்லன்னு பேப்பரே சொல்லுது. சோம்பேறித்தனத்துக்கு எந்த லேப்லயும் டெஸ்ட் இல்ல." அவர் சிரித்தார். நீதான் ஏணி போட்டு ஏறிக் கட்டினாய். வேறு எந்தப் பாவத்தையும் விட, அந்தச் சிரிப்பு என்னை அதிகமாக அறுக்கிறது.

பிறகு அவர் முழங்கால் வீங்கிற்று. கால் ஊன்ற முடியாமல் தொழிற்சாலையில் உடன் வேலை செய்தவர்கள் தூக்கி வந்து நான் வேலை செய்த மருத்துவமனையிலேயே சேர்த்தார்கள். வார்டில் டாக்டர் முழங்காலிலிருந்து நீர் எடுத்து லேபுக்கு அனுப்பினார். அன்று மூட்டு நீர் பார்க்க வேண்டியவள் நான். டியூபைக் கையில் எடுத்தேன். இந்தத் தடவை நட்சத்திரம் இல்லை. லேபிளில் உன் அப்பாவின் முழுப் பெயரும், உன் தாத்தா பெயரும், அடையாள அட்டை எண்ணும் அச்சாகியிருந்தன. டியூபைச் சாய்த்தபோதே தெரிந்தது. கலங்கியிருந்தது, நூல் இழுக்கவில்லை. பக்கத்து மேசையில் இருந்த மூத்தவர், கக் ரோஸ் என்று நாங்கள் கூப்பிடும் மலாய்க்காரப் பெண், என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார். "டூடோக் டூலு," முதலில் உட்கார் என்று சொல்லி, தானே பார்ப்பதாகக் கை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. நானே பார்த்தேன். கட்டத்தில் கோடு தெரியவில்லை. அதுவரை அத்தனை அணுக்களை எத்தனையோ பேரின் நீரில் பார்த்திருக்கிறேன், அவற்றையெல்லாம் எண்ணி எழுதிவிட்டுச் சாப்பிடப் போயிருக்கிறேன். அன்றைக்கு ஒரு கட்டத்தை எண்ணி முடிக்க முடியாமல் மூன்று தடவை தொடங்கினேன். கடைசியில் கக் ரோஸ்தான் எண்ணினார்.

ரத்தத்தையும் மறுபடி பார்த்தார்கள். அந்த ஃபாக்டர் அப்போதும் நெகட்டிவ்தான். ஆனால் டாக்டர் அதோடு நிற்கவில்லை. அப்பாவின் விரல்களை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தார், கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டார், கைக்கு எக்ஸ்ரே எடுத்தார். எலும்பின் ஓரம் அரிக்க ஆரம்பித்திருந்தது. "ஏன் அங்கிள் இவ்வளவு லேட்டா வந்தீங்க?" என்றார். அப்பா சொன்னார்: "நான்தான் டாக்டர், வேலை வேலைன்னு இருந்துட்டேன். முதல்ல பாத்தப்ப ஒன்னும் இல்லன்னாங்க. அப்புறம்தான் வந்திருக்கும் போல, நான் கவனிக்காம விட்டுட்டேன்." நான் வெள்ளைக் கோட்டோடு கட்டில் ஓரத்தில் நின்றேன். அந்த இடத்தில் வாய் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. அன்று திறக்காத வாய் அதற்கப்புறமும் திறக்கவில்லை. கல்யாண வீட்டில் யாராவது அவர் கையைப் பார்த்து என்ன என்று கேட்டால், "என் தப்புதான், லேட்டா போனேன்" என்று இன்னும் சொல்கிறார். நான் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.

சரியான மருந்து தொடங்கிய பிறகு வீக்கம் வடிந்தது. வாரத்துக்கு ஒரு நாள் சாப்பிடுகிற மாத்திரை, கொஞ்ச நாளுக்கு ஒரு முறை ரத்தப் பரிசோதனை என்று அது இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறது. மேலே கெட்டுப்போகாமல் மருந்து காப்பாற்றிவிட்டது. ஏற்கெனவே வளைந்ததை நிமிர்த்த மருந்தால் முடியவில்லை. எலக்ட்ரீஷியன் வேலை போயிற்று, அப்புறம் ஸ்டோரில் உட்கார்ந்து சாமான் கொடுத்தார். இன்றைக்கும் சட்டைப் பொத்தான் போட அவரால் முடியாது. நீ வீட்டில் இருந்த காலத்திலிருந்தே பார்த்திருப்பாய், தினமும் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு என் முன்னால் வந்து நிற்பார், நான் கீழிருந்து மேலாகப் போட்டுவிடுவேன். அது அன்பு என்று நீ நினைத்திருப்பாய். அன்புதான். அதில் எவ்வளவு பயம் கலந்திருந்தது என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

இப்போது நீ கேட்கிறாய், பேர் கீர் இல்லாம பார்த்துக் குடுங்க என்று. நீ ஏன் கேட்கிறாய் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. இந்த டோஹா வேலைக்கு எத்தனை வருடமாகப் பரீட்சை எழுதினாய், சுபாங்கில் அந்த ஹேங்கர் வெக்கையில் எப்படிக் கிடந்தாய் என்று பார்த்தவள் நான்தானே. மெடிக்கலில் இது தெரிந்தால் கம்பெனி என்ன சொல்லும்? எனக்குத் தெரியாது. ஒன்றும் ஆகாது என்று உனக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன். ஒரு தடவை ஒன்றும் இல்லை என்று சொல்லி நான் பட்டது போதும். வேலை தள்ளிப்போகலாம், போகாமலும் போகலாம். ஆனால் நீ எனக்கு ஒரு நாள் காட்டினாயே, விமானத்தில் ஒரு போல்ட் கழன்றுவிடாமல் இருக்க மெல்லிய கம்பியை முறுக்கிக் கட்டுவது எப்படி என்று. "இது லூஸா இருந்தா முடிஞ்சுதும்மா" என்று சொன்னாய். காலையில் ஷிப்ட் தொடங்கும்போது தோசை பிய்க்க முடியாத விரலால் நீ கட்டுகிற கம்பியை நம்பி எத்தனை பேர் ஏறி உட்கார்வார்கள்? என்னை விட நீதான் அதற்கு நன்றாகப் பதில் சொல்வாய்.

ஒளிக்கிறவரைக்கும் நேரம் போகிறது, அவ்வளவுதான் நான் கற்றுக்கொண்டது. அப்பாவுக்கு அந்த ஒன்றரை வருடம்தான் முக்கியமான காலமாக இருந்தது. மூட்டுக்குள் கூட்டம் கூடும் முன்னாலேயே கலைத்துவிட இப்போது நல்ல மருந்துகள் இருக்கின்றன. சீக்கிரம் பிடித்தால் கை கையாகவே இருக்கும் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள், நானும் கண்ணால் பார்த்திருக்கிறேன். நாளைக் காலையிலிருந்து எழுந்ததும் இரண்டு கையையும் மேசை மேல் வைத்து ஒரு படம் எடு. முஷ்டி மடக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று போனில் குறித்து வை. என்ன வலி மாத்திரை சாப்பிடுகிறாய் என்பதையும் மறைக்காமல் எழுது, சாப்பிடுகிறாய் என்று தெரியும், உன் கார் டேஷ்போர்டில் அட்டையைப் பார்த்தேன். சிகரெட்டை விடு. அதையும் பார்த்தேன். இந்த வியாதிக்கு அது நல்லதே இல்லை. அப்புறம், கல்யாணம் பேசிக்கொண்டிருக்கிற அந்தப் பெண்ணிடம் சொல். நிம்மதியாக இருக்கட்டும் என்று ஒருவரிடம் சொல்லாமல் விடுவது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு உன் அம்மாவை விடப் பெரிய சாட்சி வேண்டாம்.

இதுவரைக்கும் எழுதி முடித்தது வியாழக்கிழமை. உனக்கு அனுப்பும் முன்னால் அப்பாவுக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்று தோன்றிற்று. என் பொய்யை அவருக்குத் தெரியும் முன்பே நீ தெரிந்துகொள்வது முறையில்லை. வெள்ளிக்கிழமை காலை அவர் வழக்கம் போல வெந்நீர்ப் பேசினில் ஸ்பாஞ்சை முக்கிப் பிழிந்து கைப்பயிற்சி செய்துகொண்டிருந்தார். எதிரில் உட்கார்ந்து படித்தேன். தீபாவளி வந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். அவர் ஸ்பாஞ்சைப் பேசினிலேயே விட்டுவிட்டுக் காத்திருந்தார், நான் மறுபடி படித்தேன். முடித்ததும் கேட்டார்:

"அப்போ டாக்டர் யாரும் பாக்கவே இல்லியா?"

"இல்லங்க."

"காட்டிட்டேன்னியே."

"காட்டலங்க. பொய் சொன்னேன்."

தன் கைகளை மெதுவாகத் துண்டால் துடைத்தார். ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். "இத்தனை வருஷமா நானேதான் கெடுத்துக்கிட்டேன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்" என்றார். எழுந்து உள்ளே போய்விட்டார். அவ்வளவுதான் அவர் பேசினது. கத்தியிருந்தால் நான் அழுது முடித்திருப்பேன்.

இன்று ஞாயிறு. இதுவரை அவர் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. வைத்ததைச் சாப்பிடுகிறார். நேற்றும் இன்றும் சட்டை போடவில்லை, கழுத்து வழியாக மாட்டுகிற டீ-ஷர்ட்டையே போட்டுக்கொள்கிறார், பொத்தானுக்கு என்னிடம் வர வேண்டாமே என்று. ஆனால் வெள்ளிக்கிழமை மத்தியானமே, நான் சமையலறையில் இருக்கும்போது, அவர் தன்னைப் பார்க்கும் பிரிக்பீல்ட்ஸ் மூட்டு டாக்டரின் கிளினிக்குக்குப் போன் போட்டதைக் கேட்டேன். உன் முழுப் பெயரையும் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். தன் பெயரைச் சொன்னார். உன் பழைய பள்ளி ஃபைலைத் தேடி எடுத்து உன் அடையாள அட்டை எண்ணை வாசித்தார். "ஆமா, என் மகன்தான். கை வெறைக்குது. எனக்கு வந்த மாதிரிதான். எழுதிக்குங்க" என்றார். அப்புறம் காலண்டரில் செவ்வாய்க்கிழமையைச் சுற்றி வட்டம் போட்டு, எட்டரை என்று எழுதினார். பேனா இரண்டு தடவை நழுவிற்று. நான் எடுத்துக் கொடுக்கப் போகவில்லை, போகும் தைரியம் இல்லை.

செவ்வாய்க்கிழமை அவர் கிள்ளானிலிருந்து கோமுட்டர் ரயில் ஏறி வந்து, கேஎல் சென்ட்ரலில் இறங்கி நடந்து, உனக்கு முன்னால் கிளினிக் வாசலில் நிற்பார். அவர் எப்போதும் சீக்கிரம் போகிற ஆள். தபாலுக்கு நேரமில்லை, இதைப் படம் எடுத்து இன்றைக்கே உன் போனுக்கு அனுப்புகிறேன். நீ லீவு சொல்லிவிட்டு வந்துவிடு, அவரைக் காக்க வைக்காதே. டாக்டரைப் பார்க்க டீ-ஷர்ட்டில் போவது மரியாதை இல்லை என்று நினைக்கிறவர் அவர். அன்றைக்குக் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு என் முன்னால் வந்து நிற்பாரா என்று எனக்குத் தெரியாது. நான் சீக்கிரம் எழுந்து காத்திருப்பேன். ஒருவேளை அவர் டீ-ஷர்ட்டிலேயே வந்து நின்றால், நீ அவரிடம் ஒன்றும் கேட்காதே. சட்டை பொத்தான் போட்டு வந்திருந்தால், எனக்கு ஒரு போன் மட்டும் பண்ணு. அதற்குள் எனக்கே தெரிந்திருக்கும்தான், ஆனாலும் உன் வாயால் கேட்கணும்.

அம்மா